மிச்சக் கோடு டீச்சர்

விருதுநகர் ஜில்லாவில் டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே மூச்சில் பன்னிரண்டு உயிரெழுத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற டீச்சரைப் பார்த்திருக்கிறேன். பிரம்பை மேஜையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தலையையும் வைத்துத் தூங்குகிற டீச்சரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு எழுத்தை எடுத்து, அதை மீன் மாதிரித் துண்டு போட்டு, இன்றைக்கு ஒரு துண்டு, நாளைக்கு ஒரு துண்டு என்று ஊருக்கே ஆசை காட்டினவர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் எங்கள் பால்வாடிக்கு வந்த மிச்சக் கோடு டீச்சர்.

அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கு இல்லாமல் இல்லை. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது அது வெளியே வரும். போட்டு முடித்ததும் உள்ளே போய்விடும். ஊருக்கு அவர் மிச்சக் கோடு டீச்சர்தான்.

திருத்தங்கலுக்கும் ஆமத்தூருக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். விடியும் முன்னே பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து ஹாரன் அடித்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் ஊரில் மிஞ்சுவது கோழிகள், வீட்டிலிருந்தே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுத்துகிற பெண்கள், பால்வாடிப் பிள்ளைகள். நான் அந்தப் பால்வாடியில் ஆயா. இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள்தான், இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இருந்தாலும் எத்தனை டீச்சர்களை வரவேற்று வழியனுப்பினவள்! டீச்சர்மார் மழை மாதிரி, வருவார்கள், போவார்கள். ஆயா ஓட்டுக் கூரை மாதிரி, அங்கேயேதான் இருப்பாள். என் கைப் பருப்புச் சாதத்தை இன்னொரு கரண்டி கேட்காத பிள்ளை அந்த ஊரில் பிறக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த டீச்சர் விருதுநகரிலிருந்து மினி பஸ்ஸில் வருவார். முதல் நாள் டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் டீச்சர், சீனி காணாதா?"

"அதெல்லாம் இல்ல ஆயாம்மா. மிச்சத்தை அப்புறம் குடிக்கிறேன்."

அப்புறம் குடிக்கவே இல்லை. தலையைப் பாதி பின்னிக்கொண்டு வருவார், மிச்சத்தைப் பால்வாடி வாசலில் உட்கார்ந்து பின்னுவார். கதை சொன்னால் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிடுவார். அந்த நரி அங்கேயே நாலு நாள் நிற்கும். பிள்ளைகள் சாப்பிடும்போதுகூட அதைப் பற்றியே பேசும். "நரிக்குப் பசிக்காதா ஆயாம்மா?" என்று ஒன்று கேட்டது. எனக்கென்ன தெரியும்?

முதலில் 'ட' எழுத்தை ஆரம்பித்தார். சுவரில் மேலேயிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இந்தக் கோடு எங்கன போகுது?"

"கீழே!"

அவ்வளவுதான். அன்றைக்குப் பூராவும் கீழே போகிற விளையாட்டு. சொம்புத் தண்ணீரைச் சுவரில் ஊற்றி அது இறங்குகிறதைப் பார்த்தார்கள். என் முறத்தைச் சாய்த்து வைத்துக் கொண்டைக்கடலையை உருட்டினார்கள். வாசற்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார்கள். பின்பக்கம் தேய்ந்த டிராயர்களுக்கு எல்லாம் தாய்மார் என்னிடம்தான் நியாயம் கேட்டார்கள். சாயங்காலம் ஒரு பிள்ளை, "அப்புறம் டீச்சர்?" என்றது.

"அப்புறமா? மிச்சக் கோடு நாளைக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் டீச்சர், சாக்பீஸ் தீந்து போச்சா?"

"இல்லயே ஆயாம்மா."

"கையில என்னமும் சுளுக்கா?"

"இல்லயே."

"அப்ப அந்தக் கோட்டை முடிச்சுவிட்டா என்ன? பாதிச் செரைச்ச தலை கணக்கா நிக்குதே."

சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பாதியில் நிறுத்திவிட்டுக் குடையைத் தேடப் போனார்.

இரண்டே கோடு உள்ள எழுத்து அது. ஒரு வாரம் ஓடிற்று. ஊரில் பேச்சுக் கிளம்பாமல் இருக்குமா? அப்போது வீட்டுக்கு வீடு சாயங்காலம் டி.வி. சீரியல் ஓடுகிற காலம். "ஒரு எழுத்துக்கு ஒரு வாரமா? சீரியல்காரன்கூட இம்புட்டு இழுக்க மாட்டானே" என்றார்கள். அந்தப் பட்டப்பேரை முதலில் வைத்தவள் முத்துமாரி. கைக்குழந்தைக்காரி, வீட்டிலிருந்தே குழாய் சுத்துகிறவள். அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அந்த வாய்க்கு மட்டும் தனி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அவள் மூத்த மகள் பாண்டீஸ்வரி எங்கள் பால்வாடியில். நாலு வயசு. தாய்க்குத் தப்பாத பிள்ளை.

"ஏட்டி, உங்க மிச்சக் கோடு டீச்சர் இன்னைக்கு என்னத்தக் கிழிச்சாக?" என்று வாசலில் நின்று கேட்பாள் முத்துமாரி.

"நாளைக்குத்தான் கிழிப்பாக" என்பாள் பாண்டீஸ்வரி.

டீச்சர் ஒரு நாள் நிஜமாகவே கிழித்தார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும்போது மிஷினை ஓட்டிவிட்டதும் முதலில் விழுகிற தாள்களில் கலர் சரியாக உட்காராது. பச்சை மட்டும் விழுந்த லட்சுமி இருப்பாள். முகம் ஒரு இடம், மூக்குத்தி ஒரு இடம் என்று விலகின மீனாட்சி இருப்பாள். அந்த வேஸ்ட் தாளில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பட்டை பட்டையாகக் கிழித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, "இது படுத்திருக்கிற கோடு. தரையில படுக்கப் போடுங்க பாப்போம்" என்றார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாப் பிள்ளையும் அந்தப் பட்டையைக் குழாயாகச் சுத்திவிட்டது. ஒரு பிள்ளைக்கும் காகிதத்தைப் படுக்கப் போடத் தெரியவில்லை. காகிதம் கையில் பட்டால் சுத்த வேண்டும் என்றுதான் அந்த விரல்களுக்குத் தெரியும். பாண்டீஸ்வரி எல்லாக் குழாயையும் வாங்கி அடுக்கி, தன் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டி, டீச்சர் முன்னால் வைத்தாள்.

"டீச்சர், அடுத்த லோடு?"

டீச்சர் அந்தக் கட்டைக் கையில் எடுத்தார். அப்புறம் ரிப்பனை அவிழ்த்து அவள் தலையில் கட்டிவிட்டு, குழாய்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தரையில் ரயில் மாதிரி படுக்க வைத்தார். படுத்திருக்கிற கோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முத்துமாரி உள்ளே வந்தாள். கிழிந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"அடியாத்தே! லட்சுமிய நெடுக்கக் கிழிச்சு வச்சிருக்கீகளே டீச்சர்!"

"அக்கா, இது வேஸ்ட் தாளு. பச்சை மட்டும் விழுந்த லட்சுமி."

"பச்சையா இருந்தா லட்சுமி இல்லையா? எங்க மாமியா கறுப்பா இருக்கா. அவ மனுசி இல்லையா?"

 முத்துமாரி மாமியாருக்குப் பரிந்து பேசியது அவள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து சாமிப் படம் வேண்டாம் என்று டீச்சர் காலண்டரின் தேதித் தாளை மட்டும் கொண்டு வந்தார். அதிலும் ஒரு வம்பு வந்தது. வரப்போகிற அமாவாசையைக் கிழித்துவிட்டார் என்று ஒரு கிழவர் வந்து சண்டை போட்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. பசை விவகாரம்.

எங்கள் பக்கம் குழாய் ஒட்டுகிற பசையில் பூச்சி பொட்டு அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். நடக்கத் தெரியும் முன்னேயே பிள்ளைக்குத் தாய் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், "பசைக் கைய வாயில வச்சே, செத்துப் போவே." டீச்சர் விருதுநகர்க்காரர். அவர் வீட்டில் பசை என்றால் மைதா. என் அடுப்பில் மைதாவைக் கிண்டி எடுத்துப் போய்த் தாள் ஒட்டலாம் என்று பிள்ளைகள் நடுவில் வைத்தார். எல்லாம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

"விசம் டீச்சர்!"

"இல்லப்பா. வெறும் மைதா. இங்கன பாருங்க" என்று ஒரு விரலால் எடுத்து நக்கிக் காட்டினார்.

 அடுத்த நிமிஷம் அத்தனை பிள்ளையும் தெருவில். "டீச்சர் பசை தின்னுட்டாக! டீச்சர் சாகப் போறாக!"

தெருவே திரண்டு வந்தது. ஒருத்தி புளித் தண்ணீர், ஒருத்தி சோப்புத் தண்ணீர். தலைகீழாகத் தொங்கவிட்டால் வந்துவிடும் என்று ஒருத்தி கயிறோடு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கேளுங்க, அது வெறும்..."

"பேசாதீக டீச்சர்! பேசுனா விசம் ஏறும்!"

முத்துமாரி அவர் மூக்கைப் பிடித்து சோப்புத் தண்ணீரை ஊற்றியேவிட்டாள். "ஏய், அது மைதாடீ! என் அடுப்புல நான் பாக்கக் கிண்டுனதுடீ!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நல்லது செய்யக் கிளம்பின கூட்டத்துக்குக் காது கேட்காது. டீச்சர் காலையில் தின்ற இட்லியெல்லாம் வேப்பமரத்தடியில் வந்த பிறகுதான் பிடியை விட்டார்கள். நான் மிச்சப் பசையை ஒரு வாய் வழித்துத் தின்று காட்டி, அப்புறம்தான் கூட்டம் நம்பிற்று.

முத்துமாரி முந்தானையால் டீச்சருக்கு விசிறினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "உங்களுக்கு என்னமும் ஆச்சுன்னா அந்த மிச்சக் கோட்ட யாரு வந்து போடுவா? பிள்ளைக நச்சரிப்புல வீட்டுல எங்களால இருக்க முடியுமா?" என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சோப்பு நுரையும் சேர்ந்து வந்தது. அன்றோடு பால்வாடியில் பசைக்குத் தடை போட்டுவிட்டார். தன்னைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது வீட்டுப் பசையை நக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இது பிள்ளைகள் பாடு. என் பாடு வேறு.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு மினி பஸ் வரும் வரைக்கும் டீச்சரும் நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள், "ஆயாம்மா, என்னையப் பொண்ணு பாக்க வந்த கதையச் சொன்னேனா?" என்றார்.

"இல்லயே. சொல்லுங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு கார் நிறைய வந்து இறங்கிட்டாக. எங்கம்மா காப்பித் தட்டைக் கையில குடுத்துச்சு. நான் தட்டோட வெளிய வந்தேன். வந்து பார்த்தா ஆயாம்மா..."

மினி பஸ் ஹாரன். டீச்சர் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் கேட்டேன். கட்டியிருந்த சேலை எப்படிப்பட்டது என்பதிலேயே பஸ் வந்துவிட்டது. அதற்கு மறுநாள் மாப்பிள்ளையின் சித்தி முறைத்த முறைப்பில் பஸ் வந்துவிட்டது. மாதங்கள் போயும் காப்பித் தட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. கழுத்தைப் பார்த்தால் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று தெரியாதா என்பீர்கள். மினி பஸ் தூசிக்குப் பயந்து முந்தானையைக் கழுத்தோடு சுற்றித்தான் இருப்பார். ஒரு சங்கிலி தெரியும். அதன் நுனியில் என்ன தொங்குகிறது என்று எட்டிப் பார்க்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. எங்கள் பக்கம் அதற்குச் சீசன் என்று பேர். தீபாவளி ஆர்டர் குவியும். வீட்டுக்கு வீடு குழாய் மலை. கைக்குழந்தையை ஆட்ட, காகிதம் எடுத்துக் கொடுக்க என்று நாலு வயசுப் பிள்ளைக்கும் வீட்டில் வேலை இருக்கும். ஒவ்வொரு வருஷமும் சீசனில் பால்வாடியில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கும். அந்த வருஷம் மேலேயிருந்து ஒரு பேச்சும் வந்தது. பிள்ளை வராத பால்வாடியை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். சூப்பர்வைசரம்மா சீசனில் வந்து பார்த்துவிட்டு எழுதுவாராம். லோடு லாரி ஓடுகிற அந்த ரோட்டைத் தாண்டிப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? மூடினால் மூடினதுதான். பிள்ளைகள் குழாய்க்குப் போகும். நான் வீட்டுக்குப் போவேன்.

டீச்சர் அந்த வாரம் பார்த்து 'ப' எழுத்தை ஆரம்பித்தார்.

"'ப'வுக்குப் பட்டாசு சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றாள் முத்துமாரி.

"அது பிள்ளைகளுக்கு எனக்கு முந்தியே தெரியுமே அக்கா" என்றார் டீச்சர். முத்துமாரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

முதல் நாள் கீழே போகிற கோடு. கிணற்றில் வாளி இறங்குகிற விளையாட்டு. இரண்டாம் நாள் படுத்திருக்கிற கோடு. என் சாக்குப் பைகளுக்கு அடியில் பிள்ளைகள் ஊர்ந்து ஊர்ந்து போயின. விளையாட்டு முடிந்ததும் டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டு, "மூணாவது கோடு மேலே போகும். உங்க எல்லாரையும் விட உசரமாப் போகும்" என்றார்.

"ராக்கெட்டா டீச்சர்?"

"இல்ல."

"பின்ன எப்பிடிப் போகும்?"

"நாளைக்கு."

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. சூப்பர்வைசரம்மா. வெயிலில் முகம் சிவந்து, மூக்குக்கண்ணாடி வழுக்க உள்ளே வந்தார். பிள்ளைகளை எண்ணினார். ஒரு பாயும் காலியில்லை. சீசனில் இது எப்படி என்பது போல என்னைப் பார்த்தார். நான் என் பருப்புச் சாதம்தான் காரணம் என்பது போல நின்றேன். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"இது என்ன, 'ட'வா?"

"இல்லே!" என்றது மொத்தப் பால்வாடியும்.

"பின்னே?"

"'ப'!"

"'ப'வுக்கு ஒரு பக்கம் எங்கே காணோம்?"

பாண்டீஸ்வரி எழுந்து நின்று, விவரம் இல்லாதவர்களுக்குச் சொல்வது மாதிரி, "மிச்சக் கோடு நாளைக்கு" என்றாள்.

சூப்பர்வைசரம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "அதைப் போட்டு முடிங்கம்மா. பிள்ளைங்க எழுதுறதைப் பார்த்துட்டு நான் கிளம்பணும்."

"மன்னிச்சுக்கோங்க மேடம். நாளைக்குத்தான்."

"ஒரு கோடு போட நாள் நட்சத்திரம் பார்க்கணுமா?"

"இன்னைக்குப் போட்டுட்டா நாளைக்குப் பாதிப் பிள்ளைக வராது மேடம். வீட்டுல காகிதம் எடுத்துக் குடுக்க உக்காந்துரும். மிச்சம் இருந்தாத்தான் வரும். அழுதாவது வரும்."

நான் சோற்றுச் சட்டியைக் கிண்டினேன். அது எப்போதோ வெந்து இறக்கி வைத்த சோறு. இத்தனை மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

"பிள்ளைங்களுக்கு எழுத்துத் தெரியலைன்னு எழுதிடுவேன்."

"எழுதுங்க மேடம். நாளைக்கு வந்து பாத்துட்டு எழுதுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா? இன்னைக்கு ராத்திரியே எழுதிடுவேன்."

கோபமாகப் போய் ஸ்கூட்டியைக் கிளப்பினார். கிளப்பினவர் நிறுத்தினார். வாசலில் நின்ற பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு மெதுவாக, "மேலே போகும்னா எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

"தெரியாது. நாளைக்குத்தான்" என்றாள் அவள்.

அன்றைக்கு டீச்சரிடம் மாப்பிள்ளைக் கதையை நான் கேட்கவில்லை. "ஒரு கோடுதானே டீச்சர், போட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 

மறுநாள் காலையில் பால்வாடியைக் கூட்டும்போது, இந்தத் தரையை இன்னும் எத்தனை நாள் கூட்டப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன். வேன்கள் போயின. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. பாண்டீஸ்வரியை மட்டும் காணோம். முத்துமாரிக்கு அன்றைக்கு லோடு அனுப்ப வேண்டிய நாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம். முத்துமாரி மகளை இழுத்துக்கொண்டு வருகிறாளா, மகள் முத்துமாரியை இழுத்துக்கொண்டு வருகிறாளா என்று தெரியவில்லை.

"இந்தாங்க, பிடிங்க உங்க பிள்ளைய! விடிஞ்சதுலருந்து ஒரு காகிதம் எடுத்துக் குடுக்கல. மேலே போகணுமாம், மேலே போகணுமாம்! அங்கன அப்பிடி என்னத்தத்தான் வச்சிருக்கீக?" என்றவள் கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "வந்தது வந்துட்டேன். சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்."

அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு மூன்று பேர் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்கூட்டி.

"ஆமத்தூருக்குப் போறேன். போற வழிதானேன்னு எட்டிப் பார்த்தேன்" என்றார் சூப்பர்வைசரம்மா.

ஆமத்தூருக்குப் போகிற வழி எங்கள் ஊருக்குள் வராது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். 

டீச்சர் ஆளுக்கொரு இடத்தில் சுவரில் கீழே போகிற கோட்டையும் படுத்திருக்கிற கோட்டையும் போட்டு வைத்திருந்தார். முதல் பிள்ளையைக் கூப்பிட்டார். கையில் சாக்பீஸைக் கொடுத்து, கோடு நின்ற இடத்தில் வைக்கச் சொன்னார். குனிந்து இடுப்பைப் பிடித்தார்.

"விட்டுராத. அழுத்திப் பிடிச்சுக்கோ. மேலே... மேலே... மேலே..."

பிள்ளை தரையை விட்டுக் கிளம்பிற்று. சாக்பீஸும் கூடவே கிளம்பிற்று. டீச்சர் கை எட்டுகிற வரைக்கும் தூக்கினார். பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தால், தன்னைப் போல ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கோடு.

அப்புறம் எல்லாப் பிள்ளையும் டீச்சர் காலைக் கட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. டீச்சருக்குக் கை தளர்ந்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். இடுப்பு வலியெல்லாம் சாயங்காலத்துக்கு என்று வைத்துவிட்டேன். என்னோடு முத்துமாரியும் வந்தாள். பெற்ற பிள்ளையைத் தூக்கப் போனால், பாண்டீஸ்வரி தட்டிவிட்டாள். அவள் கண் வேறு ஒரு இடத்தில் இருந்தது. இருந்தவர்களிலேயே உயரமான ஆளை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

"நீங்க தூக்குங்க" என்றாள் சூப்பர்வைசரம்மாவிடம்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். குனிந்து தூக்கினார்.

"இன்னும் மேலே."

"போதாதாடி?"

"இன்னும் மேலே! இன்னும் மேலே!"

சூப்பர்வைசரம்மா செருப்பை உதறிவிட்டு நுனிக்காலில் நின்றார். கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. சாக்பீஸ் தூள் அவர் கொண்டையில் கொட்டிற்று. பாண்டீஸ்வரியின் கோடு ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்தில் போய் முட்டி நின்றது.

இறக்கிவிட்டு மூச்சு வாங்க, "இப்ப சொல்லு. இது என்ன எழுத்து?" என்றார்.

பாண்டீஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். "'ப'" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அது நான் போட்டது" என்றாள்.

சூப்பர்வைசரம்மா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பால்வாடி மூடப்படவில்லை. அது தெரியும். கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே டீச்சரிடம் கேட்டார்: "அடுத்து என்ன எழுத்து?"

"'ம' மேடம். அதுக்குக் கோடு ஜாஸ்தி."

"அப்போ சீசன் முடியிற வரைக்கும் வரும்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான் டீச்சர் பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சிரித்து நான் பார்த்தது.

அடுத்த வருஷமே அவருக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. அங்கே பிள்ளைகள் வரத்தே இல்லையாம், சூப்பர்வைசரம்மாவே கேட்டு அனுப்பினாராம். கடைசி நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நானாகக் கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஆயாம்மா, அன்னைக்கு அந்தக் காப்பித் தட்டு..."

"ம்."

"மாப்பிள்ளை பக்கத்துல கொண்டுபோய் நீட்டினேன். தம்ளரை எடுத்தார். எடுத்து, குடிக்காம, என்னைய நிமிந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க..."

ஹாரன்.

"நாசமாப் போறவனே, ஒரு நிமிசம் பொறுடா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். அவன் வண்டியை நகர்த்திவிட்டான். டீச்சர் ஓடிப் போய் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "மிச்சத்தை அப்புறம் சொல்றேன் ஆயாம்மா!" என்றார். அவர் வைத்துவிட்டுப் போன பாதி டீ மரத்தடியில் ஆடை கட்டிக் கிடந்தது.

இப்போது நான் பால்வாடிக்குப் போவதில்லை, வயசாகிவிட்டது. கண்ணும் மங்கல். ஆனால் தெருவில் மினி பஸ் ஹாரன் கேட்டால் வாசலுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அந்த மாப்பிள்ளை என்ன சொன்னான் என்று தெரியாமல் கண்ணை மூடுவதாக இல்லை. நான் சொல்லச் சொல்லப் பிறத்தியார் எழுதின இதை டீச்சர் எங்காவது படித்தால் பதறிக்கொண்டு ஓடி வர வேண்டாம். மெதுவாகவே வரட்டும். காப்பி ஆறிப்போனால் என்ன, என் அடுப்பில் சூடு பண்ணிக்கொள்ளலாம்.